காசாய் ஆற்றங்கரையில் ஒரு நாள்

மீன் பிடிக்கச் சென்று திரும்புபவனை நோக்கி உலகம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை கிடைத்தன?" ஆற்றில் நீர் எப்படி ஓடியது என்றோ, கரையில் காற்று எப்படி வீசியது என்றோ ஒருவரும் கேட்பதில்லை. கூடையில் மீன் இருந்தால் அவன் கெட்டிக்காரன்; இல்லையேல் பொழுதை வீணாக்கியவன். சென்ற கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று நாங்கள் இந்த இரண்டாம் வகையினர் ஆனோம். எங்கள் தந்தையாரும் மகனும் உடன் இருக்க, விடியற்காலை முதல் பிற்பகல் வரை தூண்டிலும் கையுமாக அமர்ந்திருந்து, ஒரு சிறு கெண்டைகூட இல்லாமல் வீடு திரும்பினோம். ஆயினும் அன்று போல மனம் நிறைந்த நாள் ஒன்றை அண்மையில் நாங்கள் கண்டதில்லை. அது எவ்வாறு என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் எங்கள் குற்றம் ஒன்றைக் கூறிவிட வேண்டும். அதனைக் கூறாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் அருமை விளங்காது.

எங்கள் தந்தையார் கொள்ளிடக் கரையில், அணைக்கரையை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். இருபது வயதில் கரக்பூருக்கு வந்து, ரயில்வேப் பட்டறையில் வாகன் பழுது பார்க்கும் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர். அன்னையார் மறைந்தபின் எங்களுடன் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்து வருகிறார். ஊரிலே எங்களுக்கென்று மிஞ்சியிருப்பது ஓர் ஓட்டு வீட்டில் பாதிப் பங்கு. மறு பாதியில் இருக்கும் பெரியப்பா மகன் ஐப்பசி மாதத்தில் தொலைபேசியில் அழைத்து, எங்கள் பங்கையும் தாமே வாங்கிக்கொள்ள விரும்புவதாகத் தெரிவித்தார். குடியிருப்பு வேலை உள்ளவரைக்கும்தான் நம்முடையது. பிள்ளையின் படிப்பும் முன்னே நிற்கிறது. நாங்கள் இருவரும், அதாவது கணவனும் மனைவியும், ஓர் இரவு முழுவதும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மறுநாள் காலையில் "சரி" என்று சொல்லிவிட்டோம். அடுத்த அறையில் படுத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் அதனைக் காதால் கேட்டார். சண்டையிடவில்லை, கோபிக்கவும் இல்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். "சோறு போதும்", "விளக்கை அணைத்து விடு" என்பன போன்ற இரண்டொரு சொற்களுக்கு மேல் அவர் வாயிலிருந்து வருவதில்லை. இவ்வாறு ஏறத்தாழ நாற்பது நாட்கள் கழிந்தன. வாய்விட்டுத் திட்டியிருந்தாலும் நாங்கள் தாங்கியிருப்போம்.

எங்கள் அலுவலகத்தில் மூத்த எழுத்தராக இருக்கும் வங்காள நண்பர் ஒருவர் உண்டு. அவரை எல்லோரும் "தாதா" என்றே அழைப்போம். வங்காளியில் அண்ணன் என்று பொருள். அவருக்குத் தூண்டில் போடுவதில் தீராத மோகம். எங்கள் முகவாட்டத்தைக் கண்ட அவர், காரணம் எதுவும் கேளாமல், "ஞாயிற்றுக்கிழமை காசாய்க்குப் போகிறேன். நீங்களும் வாருங்கள். உங்கள் தந்தையாரையும் அழைத்து வாருங்கள்" என்றார். தந்தையார் வரமாட்டார் என்றே எண்ணினோம். ஆனால் செய்தியைக் கேட்டதும் அவர் எழுந்து சென்று, தம் பழைய கம்பளிக் குல்லாவைத் தேடி எடுத்து வெயிலில் போட்டார். அதுவே சம்மதம் என்று கொண்டோம்.

"மீன் வந்தால் குழம்புக்கு அரைத்து வைக்கட்டுமா?" என்று இல்லத்தரசி கேட்டாள். "தாராளமாக அரைத்து வை" என்று வீரம் பேசினோம்.

கரக்பூர் நிலையத்தின் நடைமேடை 1072 மீட்டர் நீளமுடையது. நெடுங்காலம் உலகத்திலேயே மிக நீளமானது என்ற பெருமை அதற்கு இருந்தது. 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்ளியும் அதனை முந்திவிட்டன. ஆனால் மார்கழியை ஒட்டிய குளிரில், விடியுமுன்னர், மூங்கில் தூண்டில்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதில் நடந்து பார்த்தவர்களுக்கு இன்றும் அதுவே உலகத்தில் நீளமானது. மிட்னாப்பூர் செல்லும் லோகல் வண்டியில் ஏறி அமர்ந்தோம். கரக்பூருக்கும் மிட்னாப்பூருக்கும் இடையே சுமார் 13 கிலோமீட்டர் தூரமே. இடையில் கிரிமைதான், கோகுல்பூர், காசாய் ஹால்ட் என்று சிறிய நிலையங்கள். ஹால்ட்டில் இறங்கி, பனி படிந்த புல்லில் கால் நனைய நடந்து ஆற்றை அடைந்தோம்.

கங்சாவதி என்பது ஆற்றின் ஏட்டுப் பெயர். மக்கள் வாயில் அது காசாய். புருலியா மாவட்டத்து மேட்டு நிலத்தில் பிறந்து, பாங்குராவையும் மிட்னாப்பூரையும் கடந்து, கடைசியில் கேலேகாயுடன் கூடி ஹல்தி என்று பெயர் மாறி ஹூக்ளியில் கலக்கிறது. மழைக்காலத்தில் செம்மண் கரைந்து பெருகி வரும் அந்த ஆறு, குளிர்காலத்தில் இளைத்து, மணல் திட்டுகளுக்கு இடையே தெளிந்த நீராக ஓடும். நாங்கள் சென்றபோது மூடுபனி இன்னும் விலகவில்லை. ஓய்ந்து போன நாணற்பூக்கள் கரையெங்கும் சாம்பல் நிறமாகச் சாய்ந்து கிடந்தன.

தாதா எங்களை அழைத்துச் சென்ற இடம் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரு தடுப்பணை. "இதற்கு என்ன பெயர்?" என்று எங்கள் மகன் கேட்டான். "அனிகட்" என்றார் அவர்.

தந்தையார் சட்டென்று திரும்பிப் பார்த்தார். ஆனால் ஒன்றும் பேசவில்லை. அவர் ஏன் திரும்பினார் என்பது எங்களுக்குப் பிறகே விளங்கிற்று. "அனிகட்" என்பது வங்காளிச் சொல்லும் அன்று, ஆங்கிலச் சொல்லும் அன்று; நம் அணைக்கட்டுதான். காவிரிக் கரையில் கல்லணையைக் கண்டு வியந்த ஆங்கிலப் பொறியாளர்கள் அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். 1830-களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் எழுப்பினார். 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சொல் வங்காளத்துக்கும் வந்துவிட்டது. மிட்னாப்பூரிலிருந்து ஹூக்ளிக் கரையிலுள்ள உலுபேரியா வரை பாசனத்துக்கும் படகுக்குமாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதற்கு நீரைத் தேக்கக் காசாய் ஆற்றில் அணை கட்டினார்கள். எங்கள் தந்தையார் பிறந்ததோ அந்தக் கீழணையின் பக்கத்து ஊரில். அவருக்கு முன்னரே அவர் ஊர்ச் சொல் இவ்வூருக்குக் குடியேறி விட்டிருக்கிறது.

தாதாவின் ஏற்பாடுகளைக் கண்டு நாங்கள் மலைத்துப் போனோம். கடுகுப் புண்ணாக்கு, தவிடு, வறுத்த வெந்தயப் பொடி முதலியவற்றைப் பிசைந்து உருண்டைகளாக்கி வைத்திருந்தார். அவற்றை முதலில் நீரில் எறிந்து மீன்களை அவ்விடத்துக்கு வரவழைக்க வேண்டுமாம். தூண்டில் முள்ளில் கோப்பதற்குக் கோதுமை மாவு ஒரு பொட்டலம், மண்புழு ஒரு டப்பா, செவ்வெறும்பு முட்டை ஒரு பொட்டலம். "கல்யாண விருந்துபோல் இருக்கிறதே" என்றோம். "மாப்பிள்ளை வரவேண்டுமே!" என்றார் அவர்.

நான்கு தூண்டில்கள் நீரில் இறங்கின. நால்வரும் கரையில் அமர்ந்தோம்.

மீன் பிடிப்பதில் முதற்பாடம் அசையாமல் இருப்பது. மீனின் உடலில் இருபுறமும் தலையிலிருந்து வால் வரை ஓடும் ஒரு கோடு உண்டு. நீரில் எழும் சிறு அதிர்வையும் அது அக்கோட்டினால் அறிந்துகொள்ளும் என்று தாதா எங்கள் மகனுக்கு விளக்கினார். கரையில் தொப்பென்று கால் வைத்தாலும் ஓடிவிடுமாம். பையன் கல்லாய்ச் சமைந்தான். வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இராதவன், தக்கை மீது வைத்த கண்ணை எடுக்காமல் அரைமணி நேரம் இருந்தான்.

அந்தத் தக்கையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நீர்மேல் விரலளவு நிற்கும் ஒரு சிறு பொருள். ஆனால் அதனைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் மனம் வேறெங்கும் செல்வதில்லை. சம்பளக் கணக்கும், குடியிருப்புக் கவலையும், ஊர் வீட்டின் விலையும் ஒவ்வொன்றாக நழுவிச் சென்றன. வீட்டில் நாற்பது நாட்களாக எங்களை வருத்திய மௌனம் இங்கே எங்களுடன்தான் இருந்தது. ஆனால் இங்கு அது உறுத்தவில்லை. நால்வரும் பேசாதிருந்ததால், அவர் ஒருவர் பேசாதது தெரியவில்லை.

அவ்வப்போது தாதாவுக்கும் தாத்தாவுக்கும் குழப்பம் நேர்ந்தது. பையன் "தாதா!" என்று நண்பரை அழைத்தால் தந்தையார் திரும்புவார். "தாத்தா!" என்று தந்தையாரை அழைத்தால் நண்பர் "என்ன?" என்பார். மூன்றாம் முறை இது நிகழ்ந்தபோது தந்தையார் முகத்தில் ஒரு புன்னகை தோன்றி மறைந்தது. நாங்கள் அதனைக் கண்டும் காணாதவர் போல் இருந்தோம்.

பனி விலகி வெயில் ஏறியது. கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி ஒன்று நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுந்தாற்போல் தலைகீழாகப் பாய்ந்தது. வெறும் அலகுடன் எழுந்தது. மீண்டும் நின்றது, மீண்டும் பாய்ந்தது. தொழிலே அதுவாக உள்ள பறவைக்கே இக்கதி என்றால், ஞாயிற்றுக்கிழமை மீனவர்களாகிய எங்களுக்கு என்ன வெட்கம் என்று தேற்றிக்கொண்டோம்.

அப்போது பாலத்தின்மீது ஒரு சரக்கு வண்டி சென்றது. ரயில்வேக் குடும்பம் ஆற்றங்கரைக்குச் சென்றாலும் ரயிலின் காதை விட்டு வருவதில்லை. நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்தோம். தடதடவென்ற சீரான ஓசைக்கு நடுவே "டக், டக், டக்" என்று ஓர் அடி தனியாகக் கேட்டது.

"சக்கரத்தில் தட்டை விழுந்திருக்கிறது" என்றார் தந்தையார்.

நாற்பது நாட்களுக்குப் பின் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"தட்டை என்றால் என்ன தாத்தா?" என்று பையன் பற்றிக்கொண்டான். பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டால் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தின் மேல் இழுபட்டுச் செல்லும். இழுபடும் இடம் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் தண்டவாளத்தை அடிக்கும் என்று அவர் சோற்றுத் தட்டை மணலில் உருட்டிக் காண்பித்தார். "கவனியாமல் விட்டால் சக்கரமும் கெடும், தண்டவாளமும் கெடும். ஓசை கேட்ட அன்றே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும்" என்றார். அவர் சக்கரத்தைப் பற்றித்தான் சொன்னார். ஆயினும் எங்களுக்கு அது வேறொன்றாகவும் கேட்டது.

சற்றுத் தள்ளி வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தம் கூடையுடன் எங்களைக் கடந்து சென்றார். பையன் ஓடிப்போய்ப் பார்த்தான். உள்ளே விரல் நீள மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. தாதா ஒவ்வொன்றையும் காட்டி வங்காளிப் பெயர் சொன்னார். தந்தையார் அருகில் வந்து, அதே மீனுக்குத் தமிழ்ப் பெயர் சொன்னார். ட்யாங்ரா என்றார் அவர். கெளுத்தி என்றார் இவர். பூண்ட்டி என்பது கெண்டை. பேலே என்பது உளுவை. கூடையில் இல்லாதவையும் பின்னர் பேச்சில் வந்தன: ஷோல் நம் விரால், போயால் நம் வாளை. கொள்ளிடத்தில் கிடைப்பவையே காசாயிலும் கிடைக்கின்றன, பெயர்தான் வேறு. "ருய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று தாதா கேட்டார். "அதற்கு எங்களிடம் பழம்பெயர் கிடையாது. அது உங்கள் கங்கைப் பக்கத்து மீன். பிற்காலத்தில் குஞ்சுகளைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்து நீர்நிலைகளில் விட்டார்கள். ரோகு என்றே சொல்கிறோம்" என்றார் தந்தையார். "அப்படியானால் நீங்கள் இங்கே வந்தீர்கள், அது அங்கே போயிற்று. கணக்குச் சரியாகிவிட்டது" என்று தாதா சிரித்தார். எழுத்தர் அல்லவா, எதிலும் கணக்கை நேர்செய்தே தீருவார்.

பையன் அப்பெயர்களையெல்லாம் தன் கையிலிருந்த காகிதத்தில் இரண்டு வரிசையாக எழுதினான். தமிழ் வரிசையில் "கெளுத்தி" என்பதற்கு எந்த "ளு" என்று தாத்தாவைக் கேட்டான். வீட்டில் தமிழ் எழுத உட்கார்த்தினால் பத்துச் சாக்குச் சொல்பவன், இங்கே கேட்டு எழுதியது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

நண்பகலில் உணவு. எங்கள் புளிச்சோற்றைத் தாதா இருமுறை கேட்டு வாங்கினார். அவர் கொண்டுவந்த பொரியில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் கலந்து, செய்தித்தாளில் கொட்டி எல்லோரும் அள்ளித் தின்றோம். உண்டபின் தாதா துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பையன் மணலில் வாய்க்கால் வெட்டப் போனான். தூண்டில்களுக்கு முன்னே நாங்கள் இருவர் மட்டும், தந்தையும் மகனுமாக எஞ்சினோம்.

தக்கை ஒருமுறை அசைந்தது. தந்தையார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோலைப் பற்றினார். தக்கை அமிழ்ந்ததும் சுண்டி இழுத்தார். வெறும் முள் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தது. மாவைத் தின்றுவிட்டு மீன் போய்விட்டது.

"எங்கள் தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்றார். தாமாகவே தொடர்ந்து பேசினார். சிறு வயதில் தம்மை அவர் கீழணைக்குக் கீழே அழைத்துச் சென்று தூண்டில் போடுவார் என்றும், பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காதென்றும், திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்து, தப்பிப்போன மீன்களின் அளவைக் கைகளால் காட்டுவார் என்றும் கூறினார். அந்தத் திண்ணை, நாங்கள் விற்க ஒப்பிய வீட்டின் திண்ணை.

சிறிது நேரம் இருவரும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வீட்டை விற்பதில் எனக்கு வருத்தமில்லை, தம்பி" என்றார். "ஆளில்லாத வீட்டை வைத்து என்ன செய்வது? எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"தப்புதான் அப்பா" என்றோம். வேறு சொல் கிடைக்கவில்லை. வேறு சொல் தேவைப்படவும் இல்லை. நேருக்கு நேர் முகம் பார்த்து அமர்ந்திருந்தால் இச்சொற்களை அவரும் சொல்லியிருக்கமாட்டார், நாங்களும் சொல்லியிருக்க மாட்டோம். இருவர் கண்ணும் தக்கைமேல் இருந்ததனால்தான் சொல்ல முடிந்தது.

"விற்பதற்கு முன் ஒருமுறை போய்விட்டு வரலாம். பையன் அந்தத் திண்ணையில் ஒரு நாளாவது உட்காரட்டும். அப்புறம் உன் இஷ்டப்படி செய்" என்றார். பிறகு, முள்ளில் புதிய மாவைக் கோத்து நீரில் எறிந்தார்.

பொழுது சாய்ந்தது. தாதா எழுந்து, நான்கு தூண்டில்களையும் பார்த்து, ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். நீர் குளிர்ந்துவிட்டால் ருய், கட்லா போன்ற மீன்களுக்குப் பசி மந்தப்பட்டுவிடுமாம். ஆழத்தில் அசையாமல் கிடக்குமாம். கார்த்திகை கடந்தால் தூண்டிலுக்கு நல்ல காலம் அன்றாம். "இது முன்பே தெரியுமா?" என்று கேட்டோம். "தெரியும். மீனுக்காகவா அழைத்தேன்?" என்றார். எங்களுக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், "கடையில் இரண்டு ருய் வாங்கிக்கொண்டு போவோமா? வீட்டில் நாமே பிடித்தது என்று சொல்லலாம்" என்று எங்கள் சபலத்தை வெளியிட்டோம். தந்தையார் மறுத்துவிட்டார். "வெறுங்கையாகவே போவோம். இன்றைக்குப் பொய் வேண்டாம்" என்றார்.

வீட்டு வாயிலில் இல்லத்தரசி கூடையை எட்டிப் பார்த்தாள். பையன் கைகள் இரண்டையும் அகல விரித்து, "அம்மா, தாத்தா இவ்வளவு பெரிய மீனைத் தப்ப விட்டார்!" என்றான். அவன் அதை எங்கே கற்றான் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவள் ஒரு கணம் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மசாலா வீணாயிற்றே" என்றோம்.

"நீங்கள் பிடித்து வருவீர்கள் என்று யார் நம்பினார்கள்? கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டேன். மாமா, கைகால் கழுவிவிட்டு வாருங்கள், சூடாக இருக்கிறது" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அன்றிரவு தந்தையார் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார்.

பெரியப்பா மகனிடம் பேசி, சிறிது பொறுக்கும்படி கேட்டுக்கொண்டோம். அவரும் மகிழ்ச்சியுடன் இசைந்தார். தைப் பொங்கலுக்கு ஊர் செல்ல ரயில்வே பாஸ் எடுத்தாகிவிட்டது. பையன் தன் இரண்டு வரிசைப் பட்டியலைப் பையில் வைத்திருக்கிறான். கொள்ளிடத்து மீன்களை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறானாம். தாதா தம் தூண்டில்களுள் ஒன்றை அவனுக்கே கொடுத்துவிட்டார். கீழணைக்குக் கீழே எங்களுக்கு மீன் கிடைக்குமா, கிடைக்காதா என்பது தெரியாது. கிடைக்காவிட்டாலும் திண்ணையில் அமர்ந்து, தப்பிப்போனவற்றின் அளவைக் கைகளால் காட்டுவதற்கு இனி எங்கள் வீட்டில் மூவர் இருக்கிறோம்.